ஆஃபர் லெட்டரில் இருப்பது உங்கள் பெயர்

என் தம்பி மகள் மதுரையில் பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்தவள். கனடாவில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஓர் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனாள். அவர் அவளுடைய மதிப்பெண் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அரசியல் படிச்சு என்னம்மா பண்ணப்போற? ஒரு வருஷ பி.ஜி. டிப்ளமோ, பிசினஸ் மேனேஜ்மென்ட்ல போட்டுத் தர்றேன். முதல்ல உள்ள போயிரு. அப்புறம் எந்த யூனிவர்சிட்டிக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம்" என்றார். திரும்பும் வழியில், பஸ்ஸில், "பெரியப்பா, அவர் சொல்றது சரிதானா?" என்று கேட்டாள்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து கனடா குடிவரவுத் துறையின் விதிகளைப் படித்தபோதுதான் உறைத்தது. அந்த மனிதர் சாதாரணமாகச் சொன்ன நாலு வரிக்குள் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கவிழ்க்கக்கூடிய மூன்று குழிகள் இருந்தன.

முதல் குழி, அந்த டிப்ளமோ. படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் அங்கேயே வேலை பார்க்கக் கொடுக்கும் அனுமதியை 'போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட்' என்பார்கள். 2024 நவம்பர் 1 முதல் இதன் விதி மாறிவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்து, கல்லூரி அளவில் டிப்ளமோவோ சான்றிதழோ படிப்பவருக்கு, அரசு வெளியிட்ட துறைப்பட்டியலில் அவருடைய படிப்பு இருந்தால்தான் வேலை அனுமதி. மருத்துவச் சேவை, அறிவியல் தொழில்நுட்பம், வேளாண்மை, கட்டட மின்சார வேலைகள் என்று போகும் பட்டியல் அது. பொதுவான பிசினஸ் மேனேஜ்மென்ட் அதில் கிடையாது. அரசியல் அறிவியலும் கிடையாது. ஆனால் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் படிப்பவருக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடே இல்லை. அதாவது, எந்தப் படிப்பைப் படித்தால் வேலை கிடைக்காது என்று ஏஜென்ட் பயமுறுத்தினாரோ, அதைப் பல்கலைக்கழகத்தில் படித்தால் வேலை அனுமதிக்கு வழி இருக்கிறது. அவர் விற்க வந்த டிப்ளமோவுக்குத்தான் இல்லை.

இரண்டாவது குழி, 'அப்புறம் மாத்திக்கலாம்'. முன்பு ஸ்டடி பெர்மிட் கையில் இருந்தால், இணையத்தில் ஒரு தகவல் கொடுத்துவிட்டு வேறு கல்வி நிலையத்துக்கு மாறிக்கொள்ள முடிந்தது. 2024 நவம்பர் 8 முதல் அது முடிந்துபோனது. கல்வி நிலையத்தை மாற்ற வேண்டுமென்றால் புதிய ஸ்டடி பெர்மிட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். மறுபடியும் கட்டணம், மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் மறுக்கப்படும் ஆபத்து.

மூன்றாவது குழிதான் ஆழமானது. படிக்கும் எண்ணமே இல்லாத ஒரு படிப்பை, 'இதைப் படிக்கத்தான் வருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வைப்பது. கனடா குடிவரவுச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, முக்கியமான உண்மையைத் திரித்தோ மறைத்தோ விண்ணப்பித்தவரை 5 ஆண்டுகள் நாட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. பொய்யை எழுதியது ஏஜென்ட் என்றாலும் தடை விழுவது விண்ணப்பத்தில் பெயர் உள்ளவர் மீதுதான். 'எனக்குத் தெரியாது, அவர்தான் நிரப்பினார்' என்ற பதில் பெரும்பாலும் எடுபடுவதில்லை.

2023இல் இது ஊரறிய நடந்தது. பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து போன நூற்றுக்கணக்கான மாணவர்கள், போலி அனுமதிக் கடிதத்தில், அதாவது போலி ஆஃபர் லெட்டரில், உள்ளே வந்தவர்கள் என்று நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளானார்கள். பலருக்குத் தங்கள் கடிதம் போலி என்பதே அதுவரை தெரியாது. சிலர் வேறு கல்லூரியில் படித்து முடித்து, வேலைக்குப் போய், நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் பழைய கடிதம் பிடிபட்டது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, உண்மையான மாணவர்கள் யார் என்று ஒவ்வொருவராகப் பார்க்க அரசு ஒரு குழுவை அமைத்தது. மோசடி செய்த ஏஜென்ட்டுக்குப் பின்னர் அங்கே சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் தூங்காமல் கழித்த மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. 2023 டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் குடிவரவுத் துறையே கல்வி நிலையத்திடம் நேரடியாகச் சரிபார்க்கிறது. இது நல்ல மாற்றம்தான். ஆனாலும் உங்கள் பணம் போன பிறகு நடக்கும் சோதனை அது. அதற்கு முன்பே நீங்கள் சோதிக்கலாம். பல்கலைக்கழகத்தின் விண்ணப்பக் கணக்கைப் பிள்ளை தன் சொந்த மின்னஞ்சலில் தொடங்கட்டும். கடிதம் அந்தக் கணக்குக்குள் வந்திருந்தால் உண்மை. ஏஜென்ட்டின் வாட்ஸ்அப்பில் மட்டும் வந்திருந்தால், கடிதத்தில் உள்ள மாணவர் எண்ணைக் குறிப்பிட்டுச் சேர்க்கை அலுவலகத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று. காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு ஆலோசனை சொல்ல எல்லாருக்கும் உரிமை கிடையாது. கனடாவின் வழக்கறிஞர்கள், ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற பாராலீகல்கள், கியூபெக் நோட்டரிகள், குடிவரவு ஆலோசகர் ஒழுங்குமுறைக் கல்லூரியில் பதிவு பெற்றவர்கள் ஆகியோருக்கு மட்டுமே அந்த உரிமை. அந்த ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் எந்த ஆலோசகரின் பெயரையும் யாரும் தேடிப் பார்க்கலாம். நம் ஊர் கன்சல்டன்சி பலவற்றில் அப்படி ஒருவர்கூட இருக்க மாட்டார். கல்லூரியில் இடம் வாங்கித் தருவதற்குக் கல்லூரியே அவர்களுக்குக் கமிஷன் தருகிறது. எந்தக் கல்லூரி கமிஷன் கூடுதலாகத் தருகிறதோ, அங்கேதான் உங்கள் பிள்ளையின் 'எதிர்காலம்' இருப்பதாக அவர்கள் சொல்வார்கள்.

சரி, அரசியல் அறிவியலைப் படிக்க அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விசா அதிகாரியும் இதையேதான் கேட்பார்.

காரணம் இருக்கிறது. இந்திய அரசியல் சட்டத்தை எழுதியவர்கள், வலுவான மத்திய அரசைக் கொண்ட கூட்டாட்சிக்கு முன்மாதிரியாகக் கனடாவைத்தான் பார்த்தார்கள். பட்டியலில் இல்லாத எஞ்சிய அதிகாரங்கள் மத்திய அரசுக்கே என்பது 1867ஆம் ஆண்டின் கனடா அரசியல் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. ஆனால் அதே கனடா பின்னாளில் மாநிலங்களுக்கு அதிக அதிகாரம் உள்ள நாடாக மாறியது. கியூபெக் பிரிந்து போகலாமா என்று 1980இலும் 1995இலும் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டாவது முறை, பிரிய வேண்டாம் என்றவர்கள் 50.58 விழுக்காடுதான். ஒரு கூட்டாட்சி இந்த விளிம்புவரை போய் எப்படி உடையாமல் திரும்பியது என்பதை அந்த மண்ணில் இருந்து படிப்பது தனி அனுபவம். 1969இல் ராஜமன்னார் குழுவை அமைத்து மாநில சுயாட்சியைப் பேசிய தமிழ்நாட்டிலிருந்து போகும் மாணவருக்கு இது வெறும் பாடமல்ல. பன்மைப் பண்பாட்டு உரிமைகளைப் பற்றி எழுதிய வில் கிம்லிக்கா குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். மக்கில் பல்கலைக்கழகம் சார்ல்ஸ் டெய்லரின் இடம். ஆட்டவாவில் உள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்திலிருந்து நாடாளுமன்றம் பக்கம்தான். தமிழர்களுக்கும் இந்தத் துறையில் அங்கே பழைய தடம் உண்டு. இலங்கையில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த ஏ.ஜெயரத்தினம் வில்சன், ஈழத்தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மருமகன், 1972 முதல் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார். ஈழத்தமிழர் அரசியலைப் பற்றி அவர் எழுதிய நூல்களை இன்றும் ஆய்வாளர்கள் விடாமல் புரட்டுகிறார்கள்.

விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்க அறிக்கையில், எஸ்.ஓ.பி. என்கிறார்களே அதில், இப்படி உங்களுக்கே உரிய ஒரு காரணம் இருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு எழுதி வாங்கும் அறிக்கையில் அது இருக்காது. இந்தப் படிப்பு ஏன், இந்தத் துறை ஏன், முடித்த பிறகு என்ன செய்யப்போகிறேன் என்ற மூன்றையும் பிள்ளை தன் வார்த்தையில் எழுதட்டும். ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை.

பண விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவு இளங்கலைக்கு வெளிநாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டணம் 60,000 கனடா டாலரைத் தாண்டிவிட்டது. அதே வகுப்பில் உட்காரும் ஒன்டாரியோ மாணவர் கட்டுவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரி வரை 10,000 டாலராக இருந்தது. பிறகு 20,635 ஆனது. 2025 செப்டம்பர் 1 முதல் தனி மாணவருக்கு 22,895 டாலர், நம் பணத்தில் 14 லட்சத்துக்கு மேல். கியூபெக் மாநிலத்தின் கணக்கு மட்டும் தனி. இதைக் காட்டுவதற்கு இரண்டு வாரத்துக்கு மட்டும் கணக்கில் பணம் போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அதுவும் 40ஆவது பிரிவுக்குள் வரும் பொய்தான்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டை அடமானம் வைத்து அங்கே பி.ஏ. அரசியல் படிக்கப் போக வேண்டாம். பி.ஏ.வை இங்கே நன்றாகப் படித்துவிட்டு, முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் போவதே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது. அந்த நிலையில் உதவித்தொகையும் துணை ஆசிரியர் வேலையும் கிடைக்க வாய்ப்பு உண்டு. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் 2018 முதல் முனைவர் பட்ட மாணவர்களில் பெரும்பாலோர், வெளிநாட்டவரானாலும், உள்நாட்டுக் கட்டணமே கட்டுகிறார்கள். 2024இல் மாணவர் எண்ணிக்கைக்கு அரசு உச்சவரம்பு கொண்டுவந்ததால் தேவைப்படும் மாநிலச் சான்றுக் கடிதத்திலிருந்தும், பொதுப் பல்கலைக்கழகங்களின் முதுகலை, முனைவர் மாணவர்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் விலக்கு இருக்கிறது. ஒரே சிக்கல், நம்முடைய 3 ஆண்டு பி.ஏ. சில துறைகள் 4 ஆண்டுப் பட்டம்தான் வேண்டும் என்கின்றன. துறை அலுவலகத்துக்கு நேரடியாக எழுதிக் கேட்டுவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.

ஸ்டடி பெர்மிட் மறுக்கப்பட்டால்?

வீடே இடிந்து விழுந்ததுபோல ஆகிவிடுகிறார்கள். அதே காகிதங்களோடு மறுநாளே திரும்ப விண்ணப்பிக்கிறார்கள். அதே பதில் திரும்ப வருகிறது. மறுப்புக் கடிதத்தில் பெரும்பாலும் 'படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவீர்கள் என்று நம்பிக்கை ஏற்படவில்லை' என்பதுபோல அச்சடித்த ஓரிரு வரிகள்தான் இருக்கும். அதிகாரி உள்ளே எழுதிய குறிப்பு வேறு. அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. முன்பு கனடாவுக்குள் இருப்பவர் மூலமாகத்தான் கேட்க முடிந்தது. 2022 ஜூலை முதல் வெளிநாட்டில் இருப்பவரும் தன்னைப் பற்றிய கோப்பைத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் நேரடியாகக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அந்தக் குறிப்பைப் படித்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

அதிகாரி உங்கள் காகிதங்களைப் பார்க்காமலே முடிவெடுத்தார் என்றோ, அவர் சொன்ன காரணம் காகிதத்தோடு பொருந்தவில்லை என்றோ தெரிந்தால், கனடா ஃபெடரல் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கலாம். வெளிநாட்டில் எடுத்த முடிவு என்றால், அது உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து 60 நாள். கனடாவுக்குள் எடுத்த முடிவு என்றால் 15 நாள்தான். நீதிமன்றம் பெர்மிட் கொடுக்காது. முடிவு நியாயமற்றது என்று கண்டால் ரத்து செய்து வேறு அதிகாரியிடம் அனுப்பும். கோப்புக்குறிப்பு வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், மறுப்பு வந்த அன்றே காலண்டரில் நாளைக் குறித்துவிடுங்கள். பொய்த்தகவல் என்று சந்தேகப்பட்டால் முடிவெடுக்குமுன் துறை விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பும். அந்தக் கடிதத்தை அலட்சியம் செய்தவர்கள்தான் 5 ஆண்டுத் தடையில் மாட்டிக்கொள்கிறார்கள். அது வந்தால் உடனே உரிமம் பெற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு வரும் தொல்லைகள் வேறு வகை. வீட்டிலிருந்தே டொரன்டோ பேஸ்மென்ட் ஒன்றுக்கு மூன்று மாத வாடகையை முன்பணமாக அனுப்பி, விமான நிலையத்திலிருந்து நேரே போனால் அப்படி ஒரு வீடே இல்லை என்று நிற்கும் பிள்ளைகள் உண்டு. ஒன்டாரியோ சட்டப்படி வீட்டுக்காரர் கட்டாயமாகக் கேட்கக்கூடிய முன்பணம் அதிகபட்சம் ஒரு மாத வாடகை. அதையும் கடைசி மாத வாடகையாகக் கழிக்க வேண்டும். சேதத்துக்கு என்று தனி டெபாசிட் கேட்பதே சட்டவிரோதம். தகராறு வந்தால் வீட்டு உரிமையாளர், வாடகையாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டு குடியிருந்தால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. தெரிந்த தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை எடுக்கும் நம் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

வேலையும் அப்படித்தான். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் பார்க்கலாம். அதைத் தாண்டினால் பெர்மிட் நிபந்தனையை மீறியதாகும். 'கேஷ்ல தர்றேன், கணக்குல வராது' என்று சொல்லிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கும் முதலாளிகள் இந்தப் பயத்தைத்தான் முதலீடாக்குகிறார்கள். ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17.60 டாலர். அது குடிமகனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். வராத கூலிக்கு 2 ஆண்டுகளுக்குள் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம்.

படிப்புக்குள்ளேயே இருக்கும் ஆபத்தைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. அரசியல் அறிவியல் என்றால் வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்க வாசிப்பும், தொடர்ந்து கட்டுரைகளும்தான். நம் ஊரில் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண். அங்கே மேற்கோள் குறி இல்லாத இரண்டு வரி, திருட்டு. செயற்கை நுண்ணறிவுக் கருவியில் எழுதிக் கொடுப்பதும் ஆசிரியர் அனுமதிக்காத இடத்தில் குற்றம். பூஜ்ஜிய மதிப்பெண்ணில் தொடங்கி, இடைநீக்கம்வரை போகலாம். இடைநீக்கம் ஆனால் படிப்பு நிற்கும், படிப்பு நின்றால் பெர்மிட்டும் கேள்விக்குறி. குற்றச்சாட்டு வந்தால் பயந்துபோய் 'ஆமாம்' என்று மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள். குற்றச்சாட்டை எழுத்தில் பெறவும், பதில் சொல்லவும், மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. டொரன்டோவில் சட்ட மாணவர்கள் நடத்தும் இலவசச் சட்ட உதவி மையம் இத்தகைய வழக்குகளில் துணை நிற்கிறது. பல்கலைக்கழகத்துக்குள் எல்லா வழியும் அடைபட்டால், 2016 ஜனவரி முதல் ஒன்டாரியோ மாநிலக் குறைதீர் அதிகாரியான ஆம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம்.

ஆய்வுக்காக மனிதர்களை நேர்காணல் செய்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு அனுமதி வேண்டும். போரில் பாதிக்கப்பட்டவர்களையோ அகதிகளையோ 'நம்ம ஆளுங்கதானே' என்று அனுமதி வாங்காமல் பதிவு செய்யக் கூடாது. அவர்கள் பெயர் வெளியே தெரிந்தால் ஊரில் இருக்கும் உறவினருக்கும் ஆபத்து.

அரசியல் படிக்கும் பிள்ளை அரசியல் பேசாமல் இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைகள் சாசனத்தில் பேச்சுரிமையும் அமைதியாகக் கூடும் உரிமையும் 'எல்லாருக்கும்' என்று எழுதப்பட்டிருக்கிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் ஒதுக்கியிருப்பவற்றில் முக்கியமானது வாக்குரிமை. தேர்தலில் கட்சிக்கு நன்கொடை கொடுக்கவும் வெளிநாட்டு மாணவருக்கு அனுமதி இல்லை. ஊர்வலத்தில் நடக்கலாம், பதாகை பிடிக்கலாம், எழுதலாம். ஆனால் ஒரு கோடு இருக்கிறது. 2024 மே மாதம் முதல் டொரன்டோ பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் கூடாரம் அடித்துப் போராடியபோது, ஜூலை 2ஆம் தேதி ஒன்டாரியோ உயர் நீதிமன்றம் அதை அகற்ற உத்தரவிட்டது. பல்கலைக்கழக நிலத்தில் இப்படித் தங்கியிருக்கச் சாசனம் உரிமை தரவில்லை என்றது. அத்தகைய உத்தரவு வந்த பிறகும் நின்றால், அங்கேயே பிறந்த மாணவருக்கும் உங்களுக்கும் விளைவு ஒன்றாக இருக்காது. சாதாரணமாகத் தோன்றும் சொத்துச் சேதக் குற்றத்தில்கூடத் தண்டனை பெற்றால், வெளிநாட்டவர் நாட்டில் தங்கும் தகுதியையே இழக்கக்கூடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது 2018 டிசம்பரிலிருந்து 'கடுமையான குற்றம்' என்ற வகைக்குள் போய்விட்டது. கைதானால் வழக்கறிஞரிடம் பேசும் உரிமை உங்களுக்கும் உண்டு. பேசிய பிறகே மற்றது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடமும் கேளுங்கள்.

நீங்கள் அங்கே பேசியதற்காக ஊரில் உள்ள குடும்பத்தை எந்த அரசின் ஆளாவது மிரட்டினால், அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டு அரசுக்காக மிரட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் 2024 ஜூனில் நிறைவேறியிருக்கிறது. ஆர்.சி.எம்.பி. காவல்துறையிடம் சொல்லலாம்.

படிப்பு முடிந்ததும் 180 நாளுக்குள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பல்கலைக்கழகப் பட்டதாரி மொழித்தேர்வில் நான்கு திறனிலும் கனடிய மொழி அளவுகோலின் 7ஆம் நிலை காட்ட வேண்டும். சேர்க்கைக்காக எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் இதற்குச் செல்லாது. ஜெனரல் தேர்வை எழுத வேண்டும். மத்திய அரசு வேலைகளில் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் முன்னுரிமை என்பதால், அரசியல் படித்தவுடன் ஆட்டவாவில் கொள்கை ஆய்வாளர் நாற்காலி காத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். பிரெஞ்சு கற்றுக்கொண்டால் அந்தக் கதவு சற்றுத் திறக்கும். நிரந்தரக் குடியிருப்புத் தேர்விலும் 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனிப் பிரிவாக அழைக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள்.

இங்கே ஏமாற்றிய ஏஜென்ட்டை விட்டுவிடாதீர்கள். காவல்நிலையத்தில் மோசடிப் புகார் ஒரு வழி. கொடுத்த பணத்துக்கு ரசீது இருந்தால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம்.

ஏஜென்ட்டிடம் போவது தப்பில்லை. எல்லாருக்கும் இணையத்தில் உட்கார்ந்து படிக்க நேரமும் தைரியமும் இருப்பதில்லை. ஆனால் பெற்றோர்களே, பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டு, அனுப்பப்போகும் விண்ணப்பத்தின் முழு நகல், ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. நகலைப் பிள்ளையும் நீங்களும் வரி வரியாகப் படித்த பிறகே கையெழுத்து. இந்த மூன்றில் ஒன்றைத் தர மறுத்தாலும், கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.